தபால் மூட்டைதான் முதல் பயணி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பாபநாசம் கடைத்தெருவில் என் பழைய மாணவனின் அப்பா என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். குறுவை நடவு முடிந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நலம் விசாரித்த கையோடு கேட்டார்: "சார், பய இன்னும் பார்சல் பிளேன்தான் ஓட்டுறான். மனுசங்கள ஏத்துற பிளேனுக்கு எப்ப சார் போவான்?"

மகனைப் பைலட்டுக்குப் படிக்க வைக்க ஆறு மா நிலத்தை விற்றவர் அவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். ஆற்றுப் பாசன நஞ்சை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ "ஓ, லோடு லாரி மாதிரியா?" என்று கேட்டுவிட்டார்களாம். அந்த ஒரு சொல் அவரைத் தூங்க விடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். இருந்தும் கடைத்தெருவில் நின்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். யாராவது அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா 'புஸ் மாத்' என்ற சின்ன விமானத்தில் அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்த தபால் அதில் இருந்தது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதை எடுத்து வந்தவர் நெவில் வின்சென்ட். டிக்கெட் வாங்கிய ஆள் ஒருவரும் கிடையாது. தபால் மூட்டைதான் முதல் பயணி.

மறு ஆண்டு முழுவதிலும் அந்தக் கம்பெனியில் பறந்த பயணிகள் 155 பேர். தபாலோ ஏறக்குறைய 10 டன். கம்பெனி எதை நம்பிப் பிழைத்தது என்று இந்தக் கணக்கே சொல்லும். 1938இல் அந்தத் தபால் வழி கொழும்பு வரை நீண்டபோது நம் திருச்சியும் அதில் ஓர் ஊராயிற்று. 1946இல் அதே கம்பெனிதான் ஏர் இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 'பெரிய ஏர்லைன்ஸ்' என்று நாம் வாயைப் பிளக்கிறோமே, அதுவே சரக்கிலிருந்து மேலே வந்ததுதான்.

அடுத்தது 1949. ரஃபி அகமது கித்வாய் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த காலம். ஜனவரி 30 முதல் இரவுத் தபால் விமானங்கள் ஓடின. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நடுநிசியில் நாக்பூரில் சந்திக்கும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். போர்க்காலத்து டக்கோட்டா விமானங்கள். இன்றைய வசதிகள் எதுவும் இல்லாத இருட்டு வானம். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணம் இல்லாமலே விமானத்தில் போயின.

1953இல் எட்டு தனியார் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உண்டானது. அதன் கையில் வந்த விமானங்களில் முக்கால்வாசி டக்கோட்டாக்கள். இரவில் தபால், பகலில் ஆட்கள், இரண்டும் ஒரே கூரையின் கீழ். டக்கோட்டாவில் கை பழகியவர்களுக்கு முன்னால் 1957இல் விஸ்கவுண்ட் வந்தது, 1964இல் கேரவல் வந்தது, 1976இல் ஏர்பஸ் வந்தது. சரக்குக்கும் பயணிக்கும் நடுவே சுவர் இல்லை. படிக்கட்டுதான் இருந்தது.

சுவர் எப்போது எழுந்தது? 1994இல் ஏர் கார்ப்பரேஷன் சட்டம் ரத்தானது. தனியார் கம்பெனிகள் வந்தன. 1996இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு புளூ டார்ட் ஏவியேஷன் சரக்கு விமானங்களை ஓட்டத் தொடங்கியது. சரக்குக்குத் தனிக் கம்பெனி என்றால் தனி சீனியாரிட்டிப் பட்டியல். இங்கிருந்து அங்கே போக வேண்டுமானால் வேலையை விட்டுவிட்டுப் புதிதாகச் சேர வேண்டும். கதை மாறியது இங்கேதான்.

சட்டம் மட்டும் இன்றும் பேதம் பார்ப்பதில்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கேப்டன் ஆவதற்கு வேண்டிய ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி. பின்னால் இருந்தது பெட்டியா ஆளா என்று யாரும் கேட்பதில்லை. விமான ரகம் மாறினால் அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும், சிமுலேட்டர் தேர்வு வேண்டும். வேலையை விடுவதென்றால் கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம் முன்னறிவிப்பு என்று 2017இல் விதி வந்தது. இதையெல்லாம் தாண்டி அந்தப் பக்கம் போனவர் பட்டியலின் கடைசியில் நிற்பார்.

அந்தப் பக்கம் போனால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023இல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணி விமானங்கள் தரையிலேயே கிடந்தன. சரக்கு விமானங்கள் பறந்தன. அந்த ஏப்ரலில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு ஸ்பைஸ்ஜெட் பயணி விமானத்தின் சீட்டுகளில் ஆட்களுக்குப் பதிலாகச் சரக்குப் பெட்டிகளை ஏற்றி வந்தார்கள். 1932 திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அன்று இரவே பையனுக்குப் போன் செய்தேன். "சார், பெரிய கம்பெனியிலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. போனா கடைசி ஆளு. இங்கயே இருந்தா ரெண்டு வருஷத்துல கேப்டன் ஆகலாம். அப்பாவுக்காகப் போகணும்னு தோணுது, எனக்காக இருக்கணும்னு தோணுது" என்றான். என்ன செய் என்று நான் சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து நின்றபோது "பேங்க் பரீட்சை எழுதுடா, இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று சொன்னவன் நான். ஒரு தடவை தப்பாகச் சொன்னது போதும். "அப்பாவை நான் பார்த்துக்கறேன், நீ உனக்காக முடிவு பண்ணுப்பா" என்றேன்.

ஆகவே ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் தஞ்சை மண்ணே மூட்டையால் பிழைக்கிற மண். அறுவடைக்குக் கொள்முதல் நிலைய வாசலில் லாரி வரவில்லை என்றால் நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அப்படி மூட்டையோடு வருகிறவனை நீங்கள் என்றைக்காவது குறைவாகப் பேசியிருக்கிறீர்களா? உங்கள் பிள்ளை ராத்திரி ஒரு மணிக்கு மேகத்துக்கு மேலே கொண்டுபோகிற மூட்டையிலும் யாரோ ஒருவருடைய மருந்து இருக்கும். அவன் எந்த விமானத்தை ஓட்டினாலும் அந்த ஆறு மா வீண் போகவில்லை.

அடுத்த தடவை யாராவது "லோடு லாரியா?" என்று கேட்டால், "ஆமாங்க, டாட்டா ஓட்டின மாதிரி" என்று சொல்லுங்கள்.