முடிச்சை அவிழ்க்கும் வினைச்சொல்

இஸ்பானிய மொழியில் 'ஆத்தார்' என்றால் கட்டுதல். 'தெசாத்தார்' என்றால் அவிழ்த்தல். பேதுருவுக்கு ஆண்டவர் அளித்த அவிழ்க்கும் அதிகாரத்தை இஸ்பானியத் திருவிவிலியம் இச்சொல்லாலேயே உரைக்கிறது. ஆயினும் போரையும் வெறுப்பையும் கட்டவிழ்த்துவிடுவதற்கும் இதுவே சொல்.

ஏவாளின் கீழ்ப்படியாமை இட்ட முடிச்சை மரியாவின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என 2ஆம் நூற்றாண்டிலேயே புனித இரனேயு எழுதினார். நாடாவின் முடிச்சுகளை அன்னை பொறுமையாய் அவிழ்க்கும் ஓவியம், 1700ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகருக்காக வரையப்பட்டது. அதன் நகல் 1996 டிசம்பர் 8 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் நகரில், புனித யோசேப்பு ஆலயம் ஒன்றில் நிறுவப்பட்டது. அந்நாட்டு மக்கள் அன்னையை 'தெசாத்தநூதோஸ்', அதாவது முடிச்சவிழ்ப்பவர், என்றே அழைக்கின்றனர்.

அவிழ்ப்பதும் கட்டவிழ்த்துவிடுவதும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நாமும், இல்லத்தில் பேசும் நீங்களும், நம் நாவால் இவ்விரண்டில் எதைச் செய்கிறோம்?