பெட்டிக்கு யார் காசு கட்டுவது?

“டாக்கருக்கு இனிமே காசு கட்டணுமாம்!” 2021 செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் டீமின் சாட்டில் வந்து விழுந்த செய்தி. ஓப்பன் சோர்ஸ்தானே, அதுக்கு எப்படிக் காசு கேப்பாங்க என்று பாதிப் பேர் நம்பவே இல்லை.

செய்தியில் பாதிதான் உண்மை. ஆகஸ்ட் 31 அன்று டாக்கர் நிறுவனம் மாற்றியது ‘டாக்கர் டெஸ்க்டாப்’ என்ற மென்பொருளின் விதிகளை மட்டும். 250 பேருக்குக் குறைவான ஊழியர்கள், ஒரு கோடி டாலருக்குக் குறைவான ஆண்டு வருமானம், இரண்டும் இருந்தால்தான் ஒரு நிறுவனத்துக்கு அது இலவசம். மற்றவர்கள் 2022 ஜனவரி 31க்குள் சந்தாவுக்கு மாறணும். அப்போதைய விலை, ஆளுக்கு மாதம் 5 டாலரில் தொடங்கி 21 டாலர் வரை. அடியில் இருக்கும் டாக்கர் எஞ்சின் அப்போதும் இப்போதும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசம்தான்.

அப்படியென்றால் எதற்குக் காசு? இதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய லைப்ரரிகளோடு சேர்த்துக் கட்டி, மற்றவற்றின் கண்ணில் படாமல் தனியே ஓடவிடுவதுதான் கன்டெய்னர். யோசனை பழையது. யூனிக்ஸில் 1979லேயே ‘சிஎச்ரூட்’ வந்துவிட்டது. 2000ல் ஃப்ரீபிஎஸ்டியின் ‘ஜெயில்’. கூகுள் பொறியாளர்கள் 2006ல் தொடங்கிய ‘சிகுரூப்ஸ்’ 2008ல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. 2013 மார்ச்சில், சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில், சாலமன் ஹைக்ஸ் ஐந்தே நிமிடத்தில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். கெர்னல் தெரிந்தவர்கள் மட்டும் செய்துகொண்டிருந்ததை, டாக்கர் ஒற்றை வரிக் கட்டளையாக்கியது.

ஆனால் இந்தக் கன்டெய்னருக்கு அடியில் லினக்ஸ் கெர்னல் வேண்டும். மேக்கில் அது கிடையாது. அதனால் டாக்கர் டெஸ்க்டாப் சத்தமில்லாமல் உள்ளே ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓட்டுகிறது. நெட்வொர்க், ஃபைல் எல்லாவற்றையும் இணைத்துத் தருகிறது. காசு கேட்டது இந்தச் சௌகரியத்துக்கு. கேட்காமலும் முடியாது. 2019 நவம்பரிலேயே பெருநிறுவனங்களுக்கான தன் வியாபாரத்தை மிரான்டிஸிடம் விற்றிருந்தது டாக்கர். கையில் மிச்சம் இருந்தது டெவலப்பர்களின் மேசைதான்.

வெளியேறும் வழியைத் திறந்து வைத்ததும் டாக்கரேதான். 2015 ஜூனில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ‘ஓசிஐ’ என்ற பொது அமைப்பு உருவானபோது, தன் இமேஜ் வடிவத்தை அடிப்படையாகத் தந்து, ‘ரன்சி’யையும் கொடுத்தது. அதனால்தான் டாக்கரில் கட்டிய இமேஜை ரெட் ஹாட்டின் பாட்மேனிலும் ஓட்ட முடிகிறது. ரேஞ்சர் டெஸ்க்டாப், கொலிமா என்று வேறு கதவுகளும் இருக்கின்றன.

நாங்கள் முதலில் தலைகளை எண்ணினோம். லினக்ஸ் லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சினே போதும். மேக்காரர்களில் சிலர் கொலிமாவுக்கு மாறினார்கள். மாறுவதற்கு ஒரு வாரம் ஆகும் என்றவர்களுக்குச் சந்தாவே கட்டினோம். அவர்களின் ஒரு வாரச் சம்பளத்துக்கு முன்னால் சந்தா சின்னத் தொகை.

காசு கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை வருஷம் ‘டாக்கர்’ என்ற ஒரே பெயருக்குள் எது பொதுச்சொத்து, எது கடைச்சரக்கு என்று ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லையே என்பதுதான் உறுத்தியது. இப்போதெல்லாம் புது டூல் எதையாவது நிறுவச் சொன்னால், ‘ஐ அக்ரீ’யை அழுத்துவதற்கு முன் உரிமத்தைத் திறந்து படிக்கிறேன். டீமில் கிண்டல் பண்ணுகிறார்கள், பரவாயில்லை.