பர்ன்லி டாக்டர் கேட்ட கேள்வி

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து பல வருடமாகிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். கீழறைகள் தாளம் தப்பி அடிக்கும். வேகம் கூடினால் ரத்தம் நிரம்பவே நேரம் போதாது. படபடப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தூங்கி எழுந்தாலும் தீராத அசதிதான் ஆளைச் சாய்த்துவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

இந்த அசதியை ஒரு பொருட்டாக எடுத்து விசாரித்த டாக்டர் ஒருவர் நெசவு ஊரில்தான் இருந்தார். பெயர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஸ்காட்லாந்துக்காரர். 1879-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் பர்ன்லிக்கு வந்து, 1907 வரை அங்கேயே வைத்தியம் பார்த்தார். ஒரு ஆள் நாலு தறியை நின்றபடியே பார்க்கும் ஊர் அது. பெண்களும் தறியில் நின்றார்கள். வந்த புதிதில், இதய நோய் இருந்த ஒரு கர்ப்பிணி பிரசவத்தில் அவர் கண்ணெதிரே இறந்துபோனார். எந்த இதயம் தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதா என்ற கேள்வி அதன்பின் அவரை விடவில்லை.

பாலிகிராஃப் என்ற கருவியை உள்ளூர்க் கடிகாரக்காரர் ஒருவரின் துணையோடு செம்மைப்படுத்தினார். கழுத்துச் சிரையின் மேல் ஒரு சின்னக் கிண்ணம், மணிக்கட்டு நாடியின் மேல் ஒரு பட்டை. இரண்டின் அசைவும் ஓடும் காகிதத்தில் இரண்டு மைக்கோடுகளாக விழும். கழுத்துக் கோட்டில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் மேலறையின் சிற்றலை ஒன்று வரவேண்டும். நாடி நிரந்தரமாகத் தாளம் தப்பிவிட்ட சிலரிடம் அந்த அலை காணாமல் போயிருந்தது. பல வருடம் ஒரே நோயாளிகளைப் பார்த்துவந்த குடும்ப டாக்டர் என்பதால்தான் முன்பு இருந்தது இப்போது இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. மேலறை செயலிழந்துவிட்டதென்று நினைத்தார். அது நடுங்குகிறது என்பதை 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸ் ஈசிஜி கொண்டு காட்டினார்.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பைவிட அவர் நோயாளியிடம் கேட்டதுதான் பெரிது. ஓசையையும் தாளத்தையும் மட்டும் வைத்து ஒரு இதயத்தை எடைபோடாதீர்கள், அது எவ்வளவு வேலை தாங்குகிறது, எதைச் செய்யும்போது மூச்சு வாங்குகிறது என்று கேளுங்கள் என்பதே அவர் கட்சி. நாடி தாளம் தப்பினாலே படுக்கையில் போடுகிற வழக்கம் இருந்த காலம் அது. கூலிக்காரர் படுத்தால் வீட்டில் உலை ஏறாது. தாங்குகிற வேலையை விடவைப்பது நோயோடு வறுமையையும் சேர்ப்பதுதான்.

முதல் உலகப் போரில் அந்த வழக்கத்துக்கு இன்னொரு அடி விழுந்தது. படபடப்பும் களைப்புமாகத் திரும்பிய சிப்பாய்கள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் படுத்துக் கிடந்தார்கள். லூயிஸ் அவர்களை எழுப்பி, லேசான பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். 1918-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறு இல்லை, எனக்கு இருக்கிறது. அதனால் அவர்கள் கணக்கை அப்படியே என்மேல் போட முடியாது. படிப்படி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன், அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான்.

பாவு பிணைக்கிற வேலையைக் காலையிலேயே உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். துடிப்பை அடக்கும் மாத்திரையே கொஞ்சம் சோர்வு தரும். அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பீம் தூக்குவதில்லை. அசந்து விழும்வரை நிற்காமல், அதற்கு முன்பே தார்ப்பெட்டி ஓரம் உட்கார்ந்துவிடுகிறேன். குளித்த கையோடு மாடிப்படி ஏறுவதில்லை. நல்ல நாளில் இரட்டிப்பாகச் செய்யலாமென்று ஆசை வரும். செய்தால் மறுநாள் போய்விடும்.

பர்ன்லிக்குப் பிறகு லண்டனில் வைத்தியம் பார்த்த மெக்கன்சி பிற்காலத்தில் அதையும் விட்டு, நோயின் தொடக்க அறிகுறிகளைக் குடும்ப டாக்டர்களே ஆராய ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நிலையம் தொடங்கினார். ஆனால் இன்றும் ஆஸ்பத்திரியில் எனக்குத் தரும் சீட்டில் துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கட்டம் இருக்கிறது, அசதிக்கு இல்லை. எந்த வேலையில் மூச்சு வாங்கியது, எத்தனை தறி பார்க்க முடிந்தது என்று ஓரத்தில் நானே எழுதிக்கொண்டு போகிறேன். டாக்டரம்மா அதைப் படித்த பிறகே மாத்திரை அளவைப் பற்றிப் பேசுகிறார்.