வெந்நீர் ஊற்றும் வாத நோயும்

பத்திராசலத்து இராமபிரானைத் தரிசித்துத் திரும்பும் நம் காலனி அன்பர்களில் பலர், அருகே ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டாலா என்னும் சிற்றூரை எட்டிப் பார்ப்பதில்லை. கோதாவரிக் கரையில் அங்கே மணலைத் தோண்டினால் வெந்நீர் ஊறும். எரிமலை ஏதும் அருகில் இல்லை. மழைநீர் நிலப்பிளவுகளின் வழியே ஆழத்துள் இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. இருப்புப்பாதைப் பணியில் முப்பதாண்டு சம்மட்டி பிடித்து முழங்கால் முடங்கிய எம் தந்தையாரை அங்கு அழைத்துச் சென்றபொழுதுதான், இச்சிகிச்சையின் வரலாற்றை அறியும் ஆவல் எமக்கு எழுந்தது.

இராஜகிருகத்தின் வெந்நீர்ச் சுனைகள் புத்தர் காலத்திலேயே புகழ் பெற்றவை. பிக்குகள் நீராடி முடியும்வரை பிம்பிசார மன்னன் காத்திருந்தானாம். அதற்குள் இருட்டி நகர வாயில் அடைபட, இரவை வெளியிலேயே கழித்தானாம். அதனால் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையே நீராடலாம் என்று விதி பிறந்தது என விநய நூல் கூறும். பிணியாளருக்கு மட்டும் அவ்விதி தளர்த்தப்பட்டது. மன்னனின் பொறுமையை என்னென்பது!

போர்ப்புண்ணுக்கு இச்சிகிச்சையைப் பெரிதும் நாடியவர் மேனாட்டினரே. 1525-இல் பாவியா போரில் துப்பாக்கிக் குண்டுபட்ட வீரர்கள் பிரனீஸ் மலையின் ஓ-போன் ஊற்றில் குணமடைந்தனர் என்பது பிரெஞ்சு மரபு. அதற்குத் 'துப்பாக்கிக் காய நீர்' என்றே பெயர் வழங்கிற்று. 1732-இல் பதினைந்தாம் லூயி மன்னன் பூர்போன்-லே-பேன் நகரின் ஊற்றருகே இராணுவ மருத்துவமனை நிறுவினான். இங்கிலாந்தின் பாத் நகரில் 46 பாகை சூட்டில் நீர் பொங்குகிறது. உரோமானியர் குளம் கட்டிய அவ்வூரில், 1742-இல் ஏழை வாத நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனை திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்ற சிப்பாய்களும் அங்கே சிகிச்சை பெற்றனர்.

கழுத்தளவு நீரில் நிற்பவனின் கால்கள் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையே தாங்குகின்றன. வெப்பமோ இறுகிய தசையைத் தளர்த்துகிறது. நோவு தணியும்; ஆனால் நோய் வேரறுவதில்லை. ஊற்று நீரெல்லாம் தூயது என்று எண்ணுவதும் தவறு. 1978-இல் பாத் நகரில் நீராடிய சிறுமி ஒருத்தி நீரிலிருந்த நுண்ணுயிரால் மாண்டாள், குளங்கள் மூடப்பட்டன. 2006-இல்தான் புதிய நீராடுமிடம் திறக்கப்பட்டது.

எம் தந்தையார் மணற்குழியில் அரைமணி நேரம் கால்களை அமிழ்த்தியிருந்தார். அன்றிரவு சத்திரத்தில் கோலின்றி நடந்தார். மூன்றாம் நாள் வலி திரும்பிற்று. மாத்திரை இன்றும் தொடர்கிறது. ஆயினும் அடுத்த பாஸைப் பத்திராசலம் ரோடு நிலையத்திற்கே எழுதி வாங்குமாறு இப்பொழுதே சொல்லிவிட்டார்.