நம் தேசத்தின் உச்ச நியாயஸ்தலம் உண்டான வரலாறு

அரசாட்சிக்குச் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி என மூன்று அங்கங்கள் உள. முன்னிரண்டைப் பற்றி நம்மவர் நாடோறும் பேசுகின்றனர். மூன்றாவது அங்கம் நம் தேசத்தார் கைக்கு வந்த விதத்தைச் சிந்திப்போர் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் 1862-ம் ஆண்டில் ஐகோர்ட்டுகள் ஏற்பட்டன. ஆயினும் முடிவான தீர்ப்பு இலண்டன் பிரிவி கௌன்ஸிலிடமே இருந்தது. இராமநாதபுரம் ஜமீனின் தத்து வழக்கு அங்கே 1868-ல் தீர்ந்தது. கணவன் அனுமதி பெறாத விதவையும், அவன் சபிண்டர் சம்மதித்தால், திராவிட தேசத்தில் தத்தெடுக்கலாம் என்றும், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் ஏட்டுச் சட்டத்தினும் வலியது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. முடிவு நன்றே. ஆனால் நம் குலாசாரத்தை நாம் கடல் கடந்து அந்நியருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஜமீன்தாருக்கு இயன்ற இச்செலவு ஏழைக் குடியானவனுக்கு எங்ஙனம் இயலும்?

1935-ம் வருஷத்துச் சட்டப்படி, 1937 அக்டோபர் 1-ல் டில்லியில் பெடரல் கோர்ட்டு தோன்றிற்று. ஸர் மாரிஸ் குவையர் பிரதம நீதிபதி. ஸர் ஷா சுலைமான், ஜெயகர் ஆகியோர் உடனிருந்தனர். அதன் அதிகாரம் பெரும்பாலும் அரசியலமைப்பு விவகாரங்களுக்கு உட்பட்டது. அதன்மேலும் இலண்டனுக்கு அபீல் உண்டு. சுதந்திரத்தின் பின் 1948-ல் சிவில் அபீல்களைக் கேட்கும் அதிகாரம் அதற்கு விரிந்தது. 1949 அக்டோபரில் பிரிவி கௌன்ஸிலின் அதிகாரம் ஒழிந்தது. 1950 ஜனவரி 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தொடங்கப்பெற்றது. கானியா முதற் பிரதம நீதிபதியானார். சென்னையினின்று சென்ற பதஞ்சலி சாஸ்திரியார் 1951-ல் அப்பதவியை அடைந்தார்.

அடிப்படை உரிமைக்குப் பங்கம் நேரின், எவரும் அந்நியாயஸ்தலத்தை நேரே அணுகலாம் என 32-ம் ஷரத்து விதிக்கின்றது. சென்னை இராஜ்யத்தில் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் 1950-லேயே அங்ஙனம் முறையிட்டார். அவருக்கு விடுதலை கிட்டவில்லை; எனினும் காவற் சட்டத்தின் ஒரு பிரிவு செல்லாதெனத் தள்ளப்பட்டது. காவலில் இருந்தவன் கேட்க, அரசாங்கம் விடை கூற வேண்டியதாயிற்று. இஃது அற்பமன்று.

இலண்டனினும் டில்லி அண்மையதே. ஆயினும் வறியார்க்கு அதுவும் தூரமே. உரிமை ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. சட்டம் கற்ற நம் இளைஞர், வழக்காட வகையற்றோர்க்குத் துணை நிற்பாராக. அதுவே இவ்வரலாற்றை அறிந்ததன் பயனாகும் என்பது நம் துணிபு.