செங்கல்பட்டு மறைமாவட்டம்

சென்னைக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் பரவியுள்ள இலத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்க ஆட்சிப்பகுதி. 2002 ஜூலை 19 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைச் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரித்து நிறுவினார். முதல் ஆயர் அ. நீதிநாதன். செங்கல்பட்டு நகரின் புனித சூசையப்பர் ஆலயம் பேராலயமாயிற்று. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் தொழிற்பேட்டைப் பகுதி இதன் எல்லைக்குள் வருகிறது.

ஒரு நிலப்பரப்பு, அதற்கு ஓர் ஆயர் என்பது கத்தோலிக்க நிர்வாகத்தின் அடிப்படை விதி. இந்த வட்டாரத்தில் அந்த விதி நிலைபெற மூன்றரை நூற்றாண்டு ஆனது. 1606இல் கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து மயிலை மறைமாவட்டம் பிறந்தபோது, ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் மன்னரிடம் இருந்தது. பதுரவாதோ எனப்பட்ட சலுகை அது. 1622இல் உரோமை மறைபரப்புப் பணிக்கெனத் தனிப் பேராயம் ஒன்றை ஏற்படுத்தியது. 1642இல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர் ஜார்ஜ் கோட்டையில் பணியைத் தொடங்கினார். மயிலையில் போர்ச்சுகீசிய ஆயர். சில கல் தொலைவில், ஆங்கிலேயர் கோட்டைக்குள், உரோமையின் நேரடிப் பொறுப்பில் இயங்கிய குருக்கள். எந்தக் கோயில் யாருக்குக் கீழ் என்ற வழக்கு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. 1832இல் சென்னைக்குத் தனித் திருத்தூதர் ஆட்சிப்பகுதி வந்தது. 1838இல் உரோமை மயிலையின் அதிகாரத்தைப் பறித்தது. போர்ச்சுகல் ஏற்க மறுத்தது. 1886இல் இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சியமைப்பு வந்தபோது சென்னை உயர்மறைமாவட்டம் ஆனது; மயிலையும் தனியே நிலைத்தது. அதன் எல்லையைப் படத்தில் வரைந்தால் துண்டு துண்டாகத்தான் தெரியும்: தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் மயிலையில் இருந்த ஆயருக்குக் கட்டுப்பட்டிருந்தன.

1950இல் போர்ச்சுகலும் உரோமையும் செய்துகொண்ட உடன்பாடு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. 1952 நவம்பர் 13 அன்று மயிலையும் சென்னையும் ஒன்றாயின. அன்றே தஞ்சாவூர், வேலூர் மறைமாவட்டங்கள் உருவாயின. இணைந்த உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயர் சலேசிய சபையைச் சேர்ந்த லூயி மத்தியாஸ். அடுத்த ஐம்பது ஆண்டுகள் செங்கல்பட்டு வட்டாரம் அந்தப் பெரிய அமைப்பின் கிராமப்புறப் பகுதியாகவே இருந்தது.

2002இல் பிரித்தபோது அன்றைய காஞ்சிபுரம் வருவாய் மாவட்டமே எல்லைக்கு அடிப்படையாயிற்று. இதனால் திருத்தூதர் தோமாவின் நினைவைச் சுமக்கும் தலங்கள் இரண்டு ஆயர்களுக்குப் பிரிந்தன. கல்லறை உள்ள சாந்தோம் உயர்மறைமாவட்டத்தில். 1523இல் போர்ச்சுகீசியர் கோயில் எழுப்பிய பரங்கிமலை செங்கல்பட்டில். கோவளத்தின் கார்மேல் அன்னை ஆலயமும் அச்சிறுபாக்கத்தின் மழைமலை மாதா திருத்தலமும் புதிய ஆயரிடமே வந்தன. 2019இல் செங்கல்பட்டு தனி வருவாய் மாவட்டமானது, மறைமாவட்டம் பிரியவில்லை. இன்று ஸ்ரீபெரும்புதூர்க்காரர் மாவட்ட ஆட்சியரைப் பார்க்கக் காஞ்சிபுரத்துக்குப் போகிறார், ஆயரைப் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் போகிறார்.

நிர்வாகத்தின் அடித்தளம் பங்கு. ஒரு தலைமைக் கோயிலும் சுற்றியுள்ள கிளைக் கிராமங்களும் சேர்ந்தது ஒரு பங்கு. பல பங்குகள் சேர்ந்தது ஒரு மறைவட்டம். பங்குத்தந்தையை நியமிப்பவரும் மாற்றுபவரும் ஆயர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம். மேய்ப்புப்பணிப் பேரவை அமைவது ஆயரின் முடிவைப் பொறுத்தது; அமைந்தாலும் அது ஆலோசனை மட்டுமே சொல்லலாம், முடிவு குருவினுடையது. பொதுமக்களின் குரல் இங்கே சட்டத்தாலேயே மெலிந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓரளவு ஈடு செய்வது அன்பியம்: அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி விவிலியம் வாசிக்கும், தெருவின் குறைகளைப் பேசும் சிறு குழு. குரு வர இயலாத கிராமங்களில் செபத்தையும் மறைக்கல்வியையும் கட்டிக்காத்தவர் உபதேசியார். சொற்ப ஊதியத்தில் உழைத்த அவர்களுக்கு இந்த வட்டாரத் திருச்சபை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

செங்கல்பட்டுக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எண்ணப்படுகிறார்கள். திருச்சபைக்குள்ளும் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அப்பேரவையின் பட்டியல் இனத்தோர், பிற்படுத்தப்பட்டோர் பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆயர் நீதிநாதன்.

பள்ளிகள் இருவகை. ஆர்.சி. பள்ளி என்று ஊரார் சொல்லும் மறைமாவட்டப் பள்ளிகள் ஒன்று. துறவற சபைகள் தம் பொறுப்பில் நடத்துபவை மற்றொன்று. முன்னவற்றில் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். உதவிபெறும் பள்ளியாக இருந்தால் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வித்துறை, ஊதியம் தருவது அரசு. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையிலிருந்து வளர்ந்த மானிய முறை இது. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினரின் நிர்வாக உரிமைக்குக் காப்பு. சபைப் பள்ளிகளில் நிர்வாகம் அந்தந்த சபையின் மாநிலத் தலைவரைச் சார்ந்தது. ஆயருக்கு அங்கும் மேற்பார்வை உரிமை உண்டு.

1991–92 கல்வியாண்டு முதல் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மானியம் தருவதில்லை. ஆலைகள் வந்ததோ அதற்குப் பின்: ஹூண்டாய் ஆலைக்கு இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது 1996இல். ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது 2010இல். தொழிற்பேட்டை கொண்டுவந்த குடியிருப்புகளுக்காகத் திருச்சபை எந்தப் புதுப் பள்ளியைத் தொடங்கினாலும் அது கட்டணப் பள்ளியாகவே இருக்க முடியும். ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமில்லாக் கல்வி தர இயன்றவை பழைய கிராமத்து உதவிபெறும் பள்ளிகள்தாம். அவற்றில் சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். தொழிற்பேட்டைக் காலத்தில் மறைமாவட்டம் காப்பாற்ற வேண்டிய முதல் சொத்து இந்தப் பள்ளிகளே.

ஆலைகள் நிலமதிப்பையும் மாற்றின. கோயில் நிலத்தைப் பங்குத்தந்தை தாமாக விற்க முடியாது. திருச்சபைச் சட்டப்படி ஆயர் பேரவை வரையறுக்கும் தொகையைத் தாண்டும் சொத்து என்றால், மறைமாவட்ட நிதிக்குழுவும் குருக்களின் ஆலோசகர் குழுவும் இசைய வேண்டும். தொகை இன்னும் கூடினால் உரோமையின் அனுமதியும் தேவை. சாலையோரக் காணிகள் மனைகளாகிவிட்ட ஒரகடம் போன்ற இடத்தில் இந்தத் தடைகள் பெரும் பாதுகாப்பு.

கடினமான கேள்வி ஆட்களைப் பற்றியது. பங்கு என்ற ஏற்பாடு நிலையான வீடுகளை நம்பி அமைந்தது. விடுதியில் தங்கி முறைவேலை பார்க்கும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களில் பழங்குடிக் கத்தோலிக்கரும் உண்டு. மூன்று மாதம் ஓரிடத்தில் வசித்தாலே அந்தப் பங்கில் தற்காலிக உறைவிட உரிமை கிடைத்துவிடும். திருமணத்துக்கு ஒரு மாத வாசமே போதும். அப்படி இங்கே நடக்கும் திருமணத்தை, மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற ஊர்ப் பங்குக்கு எழுதி அறிவிக்க வேண்டும். அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டில் அது குறிக்கப்படும். ஆளின் கணக்கு எத்தனை ஊர் மாறினாலும் அந்த ஒரே ஏட்டில் தொடரும்.

கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்கருக்கு வேறு ஏற்பாடு. அதுவரை உள்ளூர் இலத்தீன் ஆயரின் பொறுப்பில் இருந்தவர்களுக்கு, 2017 அக்டோபரில் ஓசூர் மறைமாவட்டம் உருவானது. அதன் எல்லை செங்கல்பட்டின் நிலத்தையும் உள்ளடக்கும். ஒரே விடுதியில் ராஞ்சிக்காரருக்குச் செங்கல்பட்டு ஆயர், திருச்சூர்க்காரருக்கு ஓசூர் ஆயர். பதுரவாதோ காலத்தைப் போல ஒரே நிலத்தில் மீண்டும் இரண்டு ஆட்சி. ஆனால் இப்போது எவர் எவருக்குரியவர் என்பதை வழிபாட்டு மரபு தீர்மானிக்கிறது, ஆகவே வழக்கு இல்லை. மொழி, நாடு போன்றவற்றின் அடிப்படையிலும் ஆள்சார் பங்குகளை நிறுவ ஆயருக்குச் சட்டம் இடம் தருகிறது. இந்தி, சாத்ரி பேசும் தொழிலாளருக்கு அத்தகைய ஒரு பங்கு, முறைவேலை முடியும் நேரத்தை ஒட்டிய திருப்பலியோடு, ஒரகடம் சுற்றுவட்டாரத்துக்கு மிகப் பொருந்தும்.