சல்லடை சுருங்கினால்

சிறுநீரகம் நல்லா இருக்கான்னு பார்க்க லேபில் முதலில் எடுப்பது கிரியேட்டினின். 1886-ல் மாக்ஸ் யாஃபே கண்ட பிக்ரிக் அமில வினையின் வாரிசுதான் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. எனக்கு அதைவிடச் சுவாரஸ்யம் சிஸ்டாட்டின் சி-யின் கதை.

1961-ல் மூளைத் தண்டுவட நீரில் தென்பட்ட புரதம் இது. என்ன வேலை செய்கிறது என்றே தெரியாமல் 'காமா டிரேஸ்' என்று கூப்பிட்டார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் க்ரப் மட்டும் அதை விடவில்லை. 1982-ல் அதன் அமினோ அமில வரிசை. 1985-ல், சிறுநீரக வடிகட்டலை அளக்க இது உதவும் என்ற கட்டுரை.

முப்பது வருஷம் கழித்து, 2015-ல், அதே க்ரப்பின் குழு ஒரு விசித்திரத்தைச் சொன்னது. சிலருக்குக் கிரியேட்டினினை வைத்துப் போட்ட வடிகட்டல் கணக்கு நார்மல். சிஸ்டாட்டினை வைத்துப் போட்டால் அதில் 60 சதவீதம்கூட வரவில்லை. கிரியேட்டினின் 113 டால்டன், பொடிசு. சிஸ்டாட்டின் 13,000-க்கு மேல். சல்லடைக் கண் சுருங்கினால் ரவை விழும், கடலை நின்றுவிடும் இல்லையா? அப்படித்தான் 'சுருங்கிய துளை நோய்க்குறி' என்று பெயர் வைத்தார்கள். அது ஊகம்தான், துளையை யாரும் அளந்து பார்த்துச் சொன்னதல்ல. பிற்பாடு பெயரையே மாற்றினார்கள்.

ஆனால் ஆபத்து ஊகமல்ல. இதய பைபாஸ் செய்துகொண்டவர்களை லுண்டில் ஆராய்ந்தபோது, இந்த நிலை உள்ளவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது, மற்றபடி சிறுநீரகம் நார்மல் என்று கணக்கு காட்டியவர்களிலும்கூட. ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு சிஸ்டாட்டினை ஏற்றும், தசை குறைந்தால் கிரியேட்டினின் இறங்கும். இவற்றை ஒதுக்கிய பிறகே இந்தப் பெயரைச் சொல்லலாம்.